மழைத்தண்ணி ஃபீயும் என் வீட்டு கான்கிரீட்டும்: 16 சதுர அடியில தப்பிச்ச கதை

தண்ணி பில்லை நான் ஒழுங்கா படிச்சதே கிடையாது, மொத்த தொகையை பாத்து கட்டிட்டு மூடிடுவேன், அதுவும் ஆட்டோ பே போட்ட பிறகு அந்த பழக்கமும் போச்சு. ஒருநாள் வீட்டம்மாதான் "ஏங்க, ஸ்டார்ம் வாட்டர்னு ஒண்ணு போட்டிருக்கான், போன தடவை 1 யூனிட்னு இருந்துச்சு, இப்ப 1.6ன்னு இருக்கு, நாம என்ன மழையை கூப்பிட்டா வச்சோம்"னு கேட்டாங்க. அப்பதான் உக்காந்து படிச்சேன். தண்ணி நாங்க எப்பவும் செலவழிக்கிற அளவுதான், மீட்டர் ரீடிங்ல பெரிய வித்தியாசம் இல்ல, குழாய் எதுவும் ஒழுகல, ஆனா இந்த ஒரு வரி மட்டும் ஏறியிருக்கு. எவ்வளவு பணம்னு இங்க எழுதல, ரேட் ஊருக்கு ஊர் மாறும், படிக்கிறவங்களுக்கு உதவாது. எத்தனை யூனிட்டோ அத்தனை மடங்கு ஃபீ, அந்த யூனிட் கணக்குதான் விஷயமே.

நான் இருக்கறது அமெரிக்காவுல ஒரு நடுத்தர சைஸ் ஊர். ஸ்டார்ம் வாட்டர்ங்கற இந்த மழைத்தண்ணி ஃபீ இருக்குற பெரும்பாலான ஊர்ல அடிப்படை ஒண்ணுதான்: நீ எவ்வளவு தண்ணி உபயோகிக்கிறேங்கறதுக்கு இது சம்பந்தமே இல்ல, உன் இடத்துல விழுற மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்காம எவ்வளவு வெளிய ஓடுதுன்னுதான் கணக்கு. அதை வீட்டுக்கு வீடு மீட்டர் வச்சு அளக்க முடியாதுல்ல, அதனால தண்ணி இறங்காத கெட்டித்தரை எவ்வளவு இருக்குன்னு பாக்குறாங்க. கூரை, டிரைவ்வே (வீட்டுக்கு கார் வர்ற பாதை), பேட்டியோ (வெளிய உக்காருற கான்கிரீட் தளம்), நடைபாதை, ஷெட் எல்லாம் அதுல வரும், பொது நடைபாதையை மட்டும் பெரும்பாலும் விட்டுடுவாங்க.

ஒரு ஆயிரம் சதுர அடி கூரையில ஒரு இன்ச் மழை பெஞ்சா எவ்வளவு தண்ணி தெரியுமா? சுமார் 623 கேலன். என் வீட்டு கூரை 1,480 சதுர அடி, அப்ப ஒரு இன்ச்சுக்கு 900 கேலனுக்கு மேல, அதுவும் ஒரு சாதாரண மழைக்கு. இதை முதல் தடவை கால்குலேட்டர்ல போட்டு பாத்தப்ப தப்பா போட்டுட்டோமோன்னு திரும்ப போட்டேன். இது தெருவுக்கு போயி, தெருவுலேர்ந்து டிரெயினுக்கு போயி, அங்கேர்ந்து எந்த சுத்திகரிப்பும் இல்லாம நேரா ஓடைக்கு போகுது, வழியில கார் ஆயில், நாய் கழிவு, புல்லுக்கு போட்ட உரம் எல்லாத்தையும் கழுவிக்கிட்டு. பழைய ஊர்கள்ல இன்னும் மோசம், மழைத்தண்ணியும் சாக்கடையும் ஒரே குழாய், பெருமழை வந்தா ரெண்டும் கலந்து ஆத்துல கொட்டும். இந்த குழாய், குளம், தெரு பெருக்குற வண்டி எல்லாத்துக்கும் காசு வேணும், அதுக்குத்தான் இந்த ஃபீ.

இது புதுசா கண்டுபிடிச்ச வசூலும் இல்ல. வாஷிங்டன் மாநிலத்துல பெல்வியூங்கற ஊர் 1974லயே மழைத்தண்ணிக்குன்னு தனியா ஒரு யுடிலிட்டி, அதாவது குடிதண்ணிக்கு இருக்குற மாதிரி தனி சேவை அமைப்பு, வச்சுட்டாங்க. சுத்தமான தண்ணீர் சட்டம் 1972ல வந்தது, 1987ல அதை திருத்தி மழைத்தண்ணியையும் உள்ள கொண்டு வந்தாங்க, மழைத்தண்ணியை ஓடையில விட 1990ல பெரிய ஊர்களுக்கும் 1999ல சின்ன ஊர்களுக்கும் பெர்மிட் வாங்கியே ஆகணும்னு விதி வந்துச்சு. செலவு தலையில விழுந்ததும் ஊர் ஊரா இந்த ஃபீ கிளம்பிடுச்சு. மேரிலாண்ட் மாநிலத்துல 2012ல 9 கவுண்டியும் (நம்ம மாவட்டம் மாதிரி) பால்டிமோர் நகரமும் வசூலிச்சே ஆகணும்னு சட்டம் போட்டாங்க, உடனே 'மழை வரி'ன்னு பேர் வச்சு அரசியலாக்கி, ஃபிரெடரிக் கவுண்டியில ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு சென்ட்னு போட்டு சட்டத்துக்கு டிமிக்கி குடுத்தாங்க. 2015ல கட்டாயத்தை எடுத்துட்டாங்க.

இது வரியா ஃபீயாங்கறது சும்மா வாய்ச்சண்டை இல்ல. வரின்னா சர்ச்சும் ஸ்கூலும் அரசாங்க கட்டடமும் கட்ட வேண்டாம், ஃபீன்னா கட்டணும். மத்திய அரசு ஆபீஸ்கள் பல இடத்துல 'இது வரி, நாங்க கட்ட மாட்டோம்'னு நின்னாங்க, கடைசியில 2011 ஜனவரியில தனியா சட்டம் போட்டு கட்டணும்னு ஆக்கினாங்க. ஊர்லயே பெரிய பார்க்கிங் லாட் வச்சிருக்கறவன் கட்டாம நான் மட்டும் கட்டுறதான்னு பொங்குறவங்களுக்காக சொல்றேன், இந்த முறையில அவன்தான் அதிகம் கட்டுவான். பிலடெல்பியாவுல முன்னாடி தண்ணி மீட்டர் சைஸை வச்சு மழைத்தண்ணிக்கும் சேத்து பில் போட்டாங்க, அப்ப மீட்டரே இல்லாத பார்க்கிங் லாட் ஒரு பைசா கட்டல. 2010லேர்ந்து கடைகள், கம்பெனிகளுக்கு பரப்பளவு கணக்குக்கு மாறினாங்க, பல பேருக்கு பில் கொறஞ்சுது, தார் போட்ட மைதானம் வச்சிருந்தவங்களுக்குத்தான் மூச்சு முட்டுச்சு.

சரி, என் கதைக்கு வரேன்.

எங்க ஊர்ல வீடுகளுக்கு படி கணக்கு. கெட்டித்தரை 2,700 சதுர அடி வரைக்கும் 1 யூனிட், அதுக்கு மேல போனா 1.6, இன்னும் மேல போனா வேற. எல்லா ஊரும் இப்படி கிடையாது. சில ஊர்ல எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை, கடைகளை மட்டும் அளப்பாங்க. கனடாவுல மிஸ்ஸிசாகாவுல 2016ல ஆரம்பிச்சப்ப வீடுகளுக்கு கூரை அளவை மட்டும் வச்சு அஞ்சு படி பண்ணாங்க, டிரைவ்வேயை தொடவே இல்ல. வாஷிங்டன் டி.சி.ல 1,000 சதுர அடி ஒரு யூனிட், ஆனா வீடுன்னா 700லேர்ந்து 2,000 வரைக்கும் ஒரே யூனிட்தான், 2,100 தொட்டுட்டா 2.4 யூனிட். இதை நல்லா கவனிங்க. 100 சதுர அடின்னா ஒரு கார் நிக்கிற இடம் கூட கிடையாது, அதுக்கு பில் ரெண்டு மடங்குக்கு மேல. அதனால உங்க மொத்த அளவு எவ்வளவுங்கறதை விட எந்த படியோட ஓரத்துல நிக்கிறீங்கங்கறதுதான் முக்கியம். படிக்கு நடுவுல இருக்கறவன் 200 சதுர அடியை உடைச்சாலும் ஒரு பைசா கொறையாது.

ஊர் வெப்சைட்ல ஒரு மேப் இருக்கு, அட்ரஸ் போட்டா நம்ம வீட்டு ஏரியல் போட்டோ வரும், மேல கலர் கலரா கோடு போட்டு கூரை இவ்வளவு, டிரைவ்வே இவ்வளவுன்னு காட்டும். எங்க வீட்டுக்கு மொத்தம் 3,094. கூரை 1,480, டிரைவ்வே 930, பேட்டியோ 420, நடைபாதை 110, இதர 154. பேட்டியோவைப் பாத்ததும் நெஞ்சுல சுருக்குன்னுச்சு, ஏன்னா அதுல பாதி நானே ஆள் வச்சு புதுசா போட்டது, 12க்கு 18 அடி, 216 சதுர அடி. சொந்த காசுல சூனியம்னு சொல்வாங்கல்ல, அதேதான். பெர்மிட்டுக்கு அலைஞ்சப்ப கூட ஒருத்தரும் இதனால மழைத்தண்ணி பில் ஏறும்னு சொல்லல, நானும் கேக்கல. கான்கிரீட் போட போறவங்க தயவுசெஞ்சு முதல்ல அந்த மேப்பை திறந்து இப்ப எவ்வளவு இருக்கு, அடுத்த படிக்கு எவ்வளவு மிச்சம்னு பாத்துட்டு ஆளை கூப்பிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

அந்த 'இதர 154' என்னன்னு புரியல. ஜூம் பண்ணிப் பாத்தா புல்வெளி நடுவுல ஒரு வட்டம். அழகா காம்பஸ் வச்சு போட்ட மாதிரி ஒரு வட்டம். ரெண்டு நிமிஷம் கழிச்சுதான் உறைச்சுது, அது பசங்களோட டிராம்போலின், 14 அடி விட்டம், கணக்கு போட்டா சரியா 154 சதுர அடி! துணியில ஓட்டை ஓட்டையா இருக்கும், தண்ணி அப்படியே கீழ புல்லுல இறங்கும், அதுக்கு ஃபீ கட்டணும்னா சிரிக்கறதா அழறதா.

இன்னொண்ணும் இருந்துச்சு. மேப்புல எங்க வீட்டு எல்லைக்கோடு பக்கத்து வீட்டு பக்கமா மூணு அடி தள்ளி நின்னுச்சு. அவர் டிரைவ்வே நம்ம எல்லையை ஒட்டியே போகும், அதுல மூணு அடி அகலம் 40 அடி நீளம் எங்க கணக்குல ஏறியிருக்கு, 120 சதுர அடி. நிறைய பேருக்கு தெரியாத விஷயம், இந்த மேப்ல இருக்குற எல்லைக்கோடு சர்வே கிடையாது, தோராயமா போட்டோ மேல ஒட்டினது, ரெண்டு மூணு அடி நகர்றது சகஜம். வீடு வாங்கினப்ப குடுத்த பேப்பர் கட்டுல ஒரு சர்வே வரைபடம் இருக்கும், அதை தூக்கி போட்டுடாதீங்க. என்னோடது ஒரு பழைய சூட்கேஸுக்குள்ள இன்சூரன்ஸ் பேப்பருக்கு அடியில கிடந்துச்சு, தேட ஒரு முழு சனிக்கிழமை போச்சு.

உடனே கோவமா மெயில் அடிக்கத்தான் கை துறுதுறுன்னு வந்துச்சு. அடிக்கல, அது ஒண்ணுதான் உருப்படியா பண்ணேன். 100 அடி டேப் எடுத்து பெரிய பையனை ஒரு முனையில நிக்க வச்சு எல்லாத்தையும் நானே அளந்தேன். கூரை மட்டும் வாக்குவாதம் பண்ணலாம்னு தோணிச்சு, ஏன்னா சுவத்தை அளந்தா 1,300 சொச்சம்தான் வருது. ஆனா அவங்க அளக்கறது கூரை விளிம்பு வரைக்கும், மழை விழுறது கூரை மேலதான், சுவத்து மேல இல்ல. நியாயம்தான், விட்டுட்டேன். தோக்குற பாயிண்ட்டை அப்பீல்ல சேத்தா ஜெயிக்கிற பாயிண்ட்டையும் சந்தேகமா பாப்பாங்க.

போட்டோ எடுக்கறப்ப டேப் தெரியுற மாதிரி எடுங்க. டிராம்போலினை தூக்கி நிறுத்தி அடியில புல்லு தெரியுற மாதிரி ஒண்ணு, எல்லைக்கல் பக்கத்துல டேப் வச்சு ஒண்ணு, எல்லாத்தையும் சர்வே பேப்பரோட சேத்து ஊரோட அப்பீல் ஃபார்ம்ல அனுப்பினேன். மூணு வாரம் கழிச்சு ஊர் ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க, ரொம்ப தன்மையா பேசினாங்க. டிராம்போலின் போச்சு, பக்கத்து வீட்டு டிரைவ்வே போச்சு, 274 சதுர அடி கொறைச்சுட்டோம்னாங்க. நான் சந்தோஷமா தேங்க்ஸ் சொல்லப் போறேன், 'அப்புறம் சார், நீங்க அனுப்பின போட்டோவுல பின்னாடி ஒரு ஷெட் தெரியுதே, அது உங்களோடதா?'ன்னாங்க.

கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதை. 8க்கு 10 ஷெட், ஊசியிலை மரத்துக்கு அடியில இருக்கு. மேப்புக்கான ஏரியல் போட்டோவை பெரும்பாலும் இலை துளிர்க்கறதுக்கு முன்னாடி, குளிர் முடியுற நேரத்துல எடுப்பாங்க, மத்த மரம் எல்லாம் மொட்டையா இருக்கும், தரை தெரியும். ஆனா ஊசியிலை மரம் எப்பவும் பச்சைதான், அதனால ஷெட் மேல இருந்து தெரியவே இல்ல. நான்தான் டிராம்போலினை படம் எடுக்கறேன்னு போயி அதையும் காட்டிக் குடுத்திருக்கேன். பொய் சொல்ல முடியுமா, ஆமான்னேன். 80 சேர்ந்துச்சு. 3,094ல 274 போயி 2,820, கூட 80, மொத்தம் 2,900. இன்னும் 1.6 யூனிட்லதான் இருக்கேன். அப்பீல்ல ஜெயிச்சேன், பில்லு ஒரு பைசா கொறையல.

வீட்டம்மா அன்னைக்கு ராத்திரி பூரா சிரிச்சாங்க.

இப்ப படியை விட்டு இறங்க 200 சதுர அடி உடைக்கணும். முதல்ல எல்லாரும் சொல்ற மாதிரி கூரைத் தண்ணியை பிடிக்க பீப்பாய் வைக்கலாம்னு பாத்தேன். 55 கேலன் பீப்பாய், கூரையில கால்வாசி தண்ணி ஒரு குழாய்ல வருதுன்னா, கால் இன்ச் மழையிலேயே நெறஞ்சு வழிஞ்சுடும். செடிக்கு ஊத்த நல்லது, வேண்டாம்னு சொல்லல, ஆனா அதனால கெட்டித்தரை ஒரு சதுர அடி கூட கொறையாது. இங்கதான் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. பரப்பளவு கொறையறது வேற, கிரெடிட் வேற. கிரெடிட்டுங்கறது தரை அப்படியே இருக்கும், நீ தண்ணியை உன் இடத்துலயே இறக்குறதால தள்ளுபடி. அதுக்கு தனி விண்ணப்பம், சில வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அவங்க வந்து பாக்க அனுமதி குடுக்கணும். ஒரிகான் மாநிலத்து போர்ட்லாண்ட்ல உங்க இடத்துக்கான பங்குல 100 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி கிடைக்கும்னு படிச்சுட்டு வாயைப் பொளந்தேன், அப்புறம்தான் பாத்தேன், பில்லுல அந்த பங்கே 35 சதவீதம்தான், மிச்ச 65 தெருவுல விழுற தண்ணிக்கு, அதை எல்லாரும் கட்டித்தான் ஆகணும். எங்க ஊர்ல வீடுகளுக்கு கிரெடிட் அதை விட கம்மி, விண்ணப்பம் 11 பக்கம். வேண்டாம்டா சாமின்னு மூடிட்டேன்.

கான்கிரீட்டுக்கு பதிலா தண்ணி இறங்குற பேவர், அதாவது இடுக்கு விட்டு பதிக்கிற தரைக்கல், போடலாம்னு ஒரு கான்ட்ராக்டர் வந்தார், ஃபீயே இருக்காதுன்னு அடிச்சு சொன்னார். நல்லவேளை, ஊர் ஆபீஸ்ல மெயில்ல கேட்டேன். எங்க ஊர்ல அதையும் கெட்டித்தரையாதான் எடுப்பாங்க, கிரெடிட் மட்டும்தான், அதுவும் இடுக்குல மண்ணு அடைக்காம வருஷா வருஷம் வாக்யூம் போட்ட ரசீது காட்டணுமாம். ஜல்லியும் அதே கதைதான், புல்லு மாதிரி தண்ணி இறங்கும்னு நாம நெனைப்போம், ஆனா கார் ஏறி ஏறி இறுகிடும்னு பல ஊர்ல கெட்டிதான்னு சொல்லிடறாங்க. மரப்பலகை டெக் இதுக்கு நேர்மாறு, பலகைக்கு நடுவுல இடுக்கு, அடியில வெறும் மண்ணுன்னா பெரும்பாலும் விட்டுடுவாங்க, ஆனா மேல இருந்து பாத்தா கூரை மாதிரியே தெரியும், நாமதான் போட்டோ காட்டணும். எதுவா இருந்தாலும் எழுத்துல பதில் வாங்கிட்டு காசை எடுங்க. விக்கிறவன் வாயை நம்பாதீங்க.

கடைசியா அந்த 216 சதுர அடியையே உடைக்கறதுன்னு முடிவு பண்ணேன். ஃபீக்காக மட்டும்னா சத்தியமா பண்ணியிருக்க மாட்டேன், உடைக்கற செலவு திரும்ப வர பல வருஷம் ஆகும், இதை நேர்மையா சொல்லிடறேன். ஆனா அந்த மேப்பை வெறிச்சு வெறிச்சு பாத்ததுல ஒரு மழை நாள்ல குடை பிடிச்சுக்கிட்டு பின்னாடி போய் நின்னேன். நான் புதுசா போட்ட ஸ்லாப் வெளிய சரியறதுக்கு பதிலா வீட்டு பக்கமா சரியுது. ரொம்ப லேசாதான், கண்ணுக்கு தெரியாது, ஆனா தண்ணிக்கு தெரியுதே! ஒரு இன்ச் மழைக்கு 130 கேலனுக்கு மேல அந்த ஸ்லாப்லேர்ந்து மட்டும் பழைய பேட்டியோ வழியா வந்து பேஸ்மென்ட் சுவத்தை தொட்டுக்கிட்டு நிக்குது. பேஸ்மென்ட்ல வர்ற அந்த ஈர வாசனைக்கு ரெண்டு வருஷமா நான் வாஷிங் மெஷினை திட்டிக்கிட்டு இருந்தேன்.

உடைக்கறது சுலபம்னு வீடியோ பாத்து ஏமாறாதீங்க. நாலு இன்ச் கனம், 216 சதுர அடின்னா 72 கன அடி, கன அடிக்கு 150 பவுண்டுன்னு வச்சா கிட்டத்தட்ட 10,800 பவுண்டு. சம்மட்டியால ஆரம்பிச்சேன், ஒரு மணி நேரத்துல கை நடுங்குது, ஸ்லாப்ல ஒரு மூலைதான் போயிருக்கு. மறுநாள் ஜாக்ஹாமர் வாடகைக்கு எடுத்தேன். குப்பை தொட்டி புக் பண்றப்ப கான்கிரீட்டுன்னு முதல்லயே சொல்லுங்க, சாதாரண தொட்டியில எடை மீறிடும், வண்டிக்காரன் தூக்க மாட்டான், நான் சொல்லாம விட்டு ரெண்டு தடவை வண்டிக்கு காசு குடுத்தேன்.

எடுத்த பிறகு அடியில ஜல்லி, அதுக்கு அடியில செங்கல் மாதிரி இறுகின களிமண். அது மேல புல்லு விதைச்சா அதுவும் பாதி கான்கிரீட் மாதிரிதான், தண்ணி இறங்காது. ஒரு அடி ஆழம் குழி தோண்டி தண்ணி ஊத்தி பாத்தேன், ஒரு மணி நேரத்துக்கு அரை இன்ச்சாவது இறங்கணும்பாங்க, முதல் தடவை அசையவே இல்ல. ஜல்லியை முழுக்க வாரி, முக்கால் அடி ஆழத்துக்கு கிளறி, கம்போஸ்ட் கலந்த பிறகுதான் இறங்க ஆரம்பிச்சுது. கடைசி ஓரத்துல ஒரு சின்ன பள்ளமா ரெயின் கார்டன் (மழைத்தண்ணியை தேக்கி மண்ணுக்குள்ள இறக்குற செடிப் பாத்தி) மாதிரி விட்டு கூரைத் தண்ணி குழாய் ஒண்ணை அங்க திருப்பி விட்டேன். அஸ்திவாரத்துலேர்ந்து 10 அடியாவது தள்ளி இருக்கணும், எனக்கு 12 அடிக்கு அப்பாலதான் இடமே ஆரம்பிக்குது, அதனால பிரச்சனை இல்ல.

திரும்ப போட்டோ, திரும்ப ஃபார்ம், திரும்ப அதே அம்மா. 2,900ல 216 போயி 2,684. படியை விட்டு இறங்கியாச்சு, 16 சதுர அடி மிச்சம். ஃபார்ம் போட்ட தேதியிலேர்ந்துதான் கொறைப்பாங்களாம், பழசு திரும்ப வராது, அதனால சந்தேகம் இருந்தா இன்னைக்கே போட்டுடுங்க. அந்த கடிதத்தை பிரிண்ட் எடுத்து சர்வே பேப்பரோட வச்சிருக்கேன், அடுத்த தடவை ஏரியல் போட்டோ எடுத்து புதுசா கோடு போடுறப்ப டிராம்போலின் மறுபடி முளைக்காதுன்னு எந்த உத்தரவாதமும் இல்லையே.

போன வாரம் வீட்டம்மா பின்பக்கம் கிரில் வைக்க சின்னதா ஒரு ஸ்லாப் போடலாமா, நாலுக்கு அஞ்சு போதும்னாங்க. 20 சதுர அடி. போன்ல கால்குலேட்டரை எடுத்துட்டு ஊரோட விதியை திரும்ப படிச்சேன், '2,700 வரை'ன்னுதான் போட்டிருக்கு, '2,700க்கு கீழ'ன்னு போடல. நாலுக்கு நாலுன்னா ஓகேன்னேன்.